ஸ்விட்ச் சுடுகிறது, வெளிச்சம் மட்டும் வரவில்லை

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வியும் பதிலும்

மண்பாதையிலும் மலைப்பாதையிலும் ஓடும் வண்டிகளில் கூடுதல் விளக்கு பொருத்துவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. முதல் கேள்விக்குள் மற்ற பல கேள்விகளும் அடங்கிவிடுவதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: ஐயா, வால்பாறை அருகே தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தோட்டத்து மண்பாதைகளில் இரவில் சென்று வருவதற்காக, என் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் முன்புறம் 100 வாட் ஹாலஜன் ஃபோகஸ் லைட் இரண்டைப் பொருத்தினேன். கடைக்காரர் ஹெட்லைட் ஹை பீம் வயரிலிருந்தே மின்சாரம் எடுத்து, டாஷ்போர்டில் ஒரு சிறிய ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தார். பத்து நிமிடம் எரிந்தாலே ஸ்விட்ச் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. வெளிச்சம் மஞ்சளாக இருக்கிறது. எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. போன மாதம் ஒரு வளைவில் பியூஸ் போய், ஹெட்லைட்டும் சேர்ந்து அணைந்துவிட்டது. இன்னும் அதிக வாட் பல்பு போட்டால் சரியாகுமா? (ஒரு வாசகர், வால்பாறை)

பதில்: சரியாகாது; இன்னும் மோசமாகும். உங்கள் விளக்கில் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. விளக்குக்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது, அந்த வெப்பத்தைத்தான் ஸ்விட்சைத் தொடும்போது உங்கள் விரல் உணர்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 100 வாட் பல்புகள் இரண்டு, 12 வோல்ட்டில், சுமார் 17 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். உங்கள் ஹெட்லைட்டின் ஹை பீம் பல்புகள் ஒவ்வொன்றும் 60 வாட் என்று வைத்துக்கொண்டால், அவை இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். ஆக, 10 ஆம்பியருக்காக வண்டியைச் செய்தவர்கள் போட்ட வயரும், பியூஸும், டிம்-பிரைட் ஸ்விட்சும் இப்போது 27 ஆம்பியரைச் சுமக்கின்றன. ஐந்து பேர் உட்காரும் ஜீப்பில் பதின்மூன்று பேரை ஏற்றிய கதைதான். பியூஸ் போனது உண்மையில் உங்களுக்கு நடந்த நன்மை. அது போகாமல் இருந்திருந்தால் வயரின் தோல் உருகியிருக்கும்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்குள் போய், ஸ்விட்ச் வழியாகத் திரும்பி முன் பம்பருக்கு வருவதற்குள் ஏறக்குறைய 5 மீட்டர் பயணம் செய்கிறது. கடைக்காரர் போட்டது 1 ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர்) வயர் என்றால், அந்தத் தூரத்தின் மின்தடை 0.086 ஓம், அதில் 17 ஆம்பியர் ஓடும்போது சுமார் 1.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒன்றரை வோல்ட்தானே என்று எண்ண வேண்டாம். வயரில் மட்டும் சுமார் 25 வாட் வெப்பமாகிறது. ரேடியோ பழுது பார்ப்பவர் கையில் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை எந்நேரமும் டாஷ்போர்டுக்குப் பின்னால் எரியவிட்டிருப்பதற்கு இது சமம். ஹாலஜன் பல்பின் ஒளியோ மின்னழுத்தம் குறையும் வேகத்தைவிட மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் குறையும் இயல்புடையது. என்ஜின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட் 12.3 ஆகக் குறைந்தால், ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்; எஞ்சிய ஒளியும் மஞ்சளித்துவிடும். ஸ்விட்சிலும் இணைப்புகளிலும் ஏற்படும் இழப்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

இதற்கு மருந்து ரிலே. டாஷ்போர்டில் இருக்கும் ஸ்விட்ச் விளக்குக்கான மின்சாரத்தைச் சுமக்கத் தேவையில்லை. ரிலேவுக்குள் இருக்கும் சிறிய காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) 0.2 ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தை அனுப்பினால் போதும். அந்தக் காயில் காந்தமாகி, 'டக்' என்ற ஓசையுடன் உள்ளே உள்ள கனமான தொடுமுனையை மூடும். 17 ஆம்பியரும் பேட்டரியிலிருந்து நேராக, பானெட்டுக்குள்ளேயே, குறுகிய தூரத்தில் விளக்குக்குப் போய்விடும்.

நான்கு கால் ரிலேவின் அடியில் 30, 85, 86, 87 என்ற எண்கள் இருக்கும். இவை ஜெர்மானியத் தர எண்கள் என்பதால் எந்த நிறுவனத்தின் ரிலேவை வாங்கினாலும் பொருள் மாறாது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக வரும் கனமான வயர் 30-க்கு வர வேண்டும். 87-இலிருந்து விளக்குகளுக்குப் போக வேண்டும். ஹை பீம் வயரிலிருந்து ஒரு மெல்லிய வயரை எடுத்து, டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக 86-க்குக் கொண்டுவந்து, 85-ஐ எர்த் செய்துவிட, அதாவது வண்டியின் இரும்புப் பாடியுடன் இணைத்துவிட வேண்டும். இப்படிச் செய்தால், ஹை பீம் போட்டிருக்கும்போது மட்டுமே உங்கள் ஃபோகஸ் லைட் எரியும். எதிரே ஒருவர் வருவதைக் கண்டு நீங்கள் டிம் செய்த அந்த நொடியே அதுவும் அணைந்துவிடும். பேட்டரியிலிருந்தே தனியாக ஸ்விட்சுக்கு மின்சாரம் எடுப்பதுதான் எளிது என்று சிலர் சொல்வார்கள். எளிதுதான், ஆனால் வண்டியை நிறுத்தி இறங்கும்போது அணைக்க மறந்தால், காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.

பேட்டரியிலிருந்து ரிலே வரை 4 ஸ்கொயர் வயரும், ரிலேவிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் 2.5 ஸ்கொயர் வயரும் போடுங்கள். ஸ்விட்ச் வயருக்கு 0.75 ஸ்கொயர் போதும். வீட்டு வயரிங்குக்கான வயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். அதன் பிவிசி உறை பொதுவாக 70 டிகிரி வரைதான் தாங்கும்; என்ஜின் பக்கத்து வெப்பத்துக்கும் டீசலுக்கும் எண்ணெய்க்கும் ஈடுகொடுக்கும் ஆட்டோ கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். ரிலே 40 ஆம்பியர் திறன் கொண்டதாக இருக்கட்டும். குளிர்ந்திருக்கும் ஹாலஜன் இழை, எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுக்கும். மலிவான ரிலேவின் தொடுமுனைகள் அந்தக் கணத்தில்தான் ஒட்டிக்கொள்கின்றன. பணம் ஒரு பொருட்டில்லை என்றால், விளக்குக்கு ஒரு ரிலே, விளக்குக்கு ஒரு பியூஸ் என்று பிரித்துவிடுவதையே நான் விரும்புவேன். ஒன்று போனாலும் மற்றொன்று எரியும்.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் தவறியவன் நான். பல ஆண்டுகளுக்கு முன்பு என் ஜீப்பில் நானே வயரிங் செய்தபோது, மாற்றுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பியூஸை டாஷ்போர்டுக்கு அடியில் வைத்தேன். பயர்வாலில் (என்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டில்) துளையிட்டு, துளையின் விளிம்புக்கு ரப்பர் கிராமெட் என்ற வளையம் போடாமல் வயரை அப்படியே நுழைத்தேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிய அதிர்வில், தகட்டின் கூர்மையான விளிம்பு வயரின் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிட்டது. கடைசி வளைவு தாண்டி அடிவாரத்தில் டீக்கடை முன் நிறுத்தியபோது பானெட் இடுக்கிலிருந்து புகை வந்தது. பேட்டரி கிளாம்பை ஸ்பேனரால் கழற்றி இழுத்த பிறகுதான் அது அடங்கியது. டாஷ்போர்டுக்கு அடியில் என் பியூஸ் ஒரு குறையுமில்லாமல், புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. பியூஸ் காப்பாற்றுவது தனக்கு அப்பால் உள்ள வயரை மட்டுமே. பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள வயருக்குக் காவல் கிடையாது. ஆகவே பியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் 17 ஆம்பியர் சுமைக்கு 25 ஆம்பியர் பிளேடு பியூஸ் பொருந்தும். அது நிறமில்லாமல் கண்ணாடி போல இருக்கும். விளக்குகளைத் தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நீல நிற 15 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக ஒரு படி பெரியதைச் செருகுவது, தட்டிக்கேட்கிற காவல்காரனை வேலையைவிட்டு நீக்குவது போன்றது.

எர்த்தைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. போகும் மின்சாரம் முழுவதும் திரும்பியும் வர வேண்டும். எனவே எர்த் வயரும் பாசிட்டிவ் வயரின் கனத்திலேயே இருக்க வேண்டும். பம்பரில் பெயின்ட் மேல் போல்ட்டை முறுக்கிவிட்டு எர்த் ஆகிவிட்டது என்று எண்ணுவது உங்கள் பகுதி மழைக்கு ஆகாது. பாடியிலோ சேசிஸிலோ ஓரிடத்தில் பெயின்ட்டை இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, பல் வைத்த வாஷருடன் லக்கை (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையத்தை) முறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். முடிந்தால் பேட்டரி நெகட்டிவுக்கே நேராகக் கொண்டுபோய்விடுவது இன்னும் நல்லது. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். விளக்கு எரியும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை விளக்கின் எர்த் இணைப்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ துருவோ, பெயின்ட்டோ, தளர்ந்த லக்கோ இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. மின்சாரம் ஓடினால்தான் இழப்பு தெரியும்.

இரண்டு வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது, ஒரு தென்மேற்குப் பருவமழைக்குக்கூடத் தாங்காது. டேப்பின் பசை வெப்பத்தில் இளகி, ஈரம் உள்ளே புகுந்து, செம்பு பச்சை பூத்துவிடும். லக்கைக் கிரிம்ப் செய்து (வயரோடு சேர்த்து இறுக நசுக்கி), மேலே சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். சால்டர் செய்தால் இன்னும் உறுதி என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் ஈயம் வயரின் இழைகளுக்குள் ஊறிப் போய், ஊறல் நின்ற இடத்தில் வயரை விறைப்பாக்கிவிடுகிறது. மண்பாதை அதிர்வில் வயர் முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ரிலேவைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினால் தண்ணீர் தேங்காது. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும்.

கடைசியாக, 100 வாட் உங்களுக்குத் தேவையா என்பதையும் யோசியுங்கள். சேற்றில் ஊர்ந்து ஏறும்போது என்ஜின் மெதுவாகவே சுழலும். என்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனையும் அப்போது தராது. ஹெட்லைட்டும், வைப்பரும், 200 வாட் கூடுதல் விளக்கும் சேர்ந்தால் பற்றாக்குறையைப் பேட்டரிதான் ஈடுகட்டும். சரியான வயரில் எரியும் 55 வாட் விளக்குகள் இரண்டு, 9 ஆம்பியருக்குச் சற்று மேல் மட்டுமே எடுத்துக்கொண்டு, நீங்கள் இப்போது பார்க்கும் மஞ்சள் வெளிச்சத்துக்குப் பெரிதாகக் குறையாத ஒளியைத் தரும். முதலில் வயரிங்கைச் சரிசெய்யுங்கள். பிறகு பல்பைப் பற்றி முடிவு செய்யலாம்.

கேள்வி: ரிலே வைத்து, நீங்கள் சொல்லும் முறையில்தான் இணைத்தேன். ஆனால் ஹை பீம் போட்டால் ரிலே 'டக்' என்றுகூடச் சொல்லவில்லை. ரிலே நல்ல நிலையில் உள்ளது. என்ன காரணம்? (ஒரு வாசகி, தேனி)

பதில்: சில வண்டிகளில், குறிப்பாக ஜப்பானிய வடிவமைப்பு கொண்ட சிலவற்றில், ஹெட்லைட் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கத்தில் இல்லாமல் எர்த் பக்கத்தில் வேலை செய்யும். பல்பின் பொது முனைக்கு 12 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். ஸ்விட்ச் போட்டதும் ஹை பீம் முனை எர்த்துடன் இணைக்கப்படும். அங்கே 85-ஐ எர்த் செய்து, 86-க்கு ஹை பீம் வயரைக் கொடுத்தால், ஹை பீம் எரியும்போது இரு முனையும் எர்த்திலேயே இருக்கும். காயிலில் மின்சாரம் ஓடாது. இதை உறுதிசெய்ய, பல்பின் சாக்கெட்டைக் கழற்றி, லைட்டைப் போட்டு, மூன்று முனைகளையும் மீட்டரால் பாடியை எர்த்தாக வைத்து அளந்து பாருங்கள். பொது முனையில் 12 வோல்ட் காட்டினால் என் ஊகம் சரி. அப்படியானால் 86-ஐ அந்தப் பொது முனையுடனும், 85-ஐ ஸ்விட்ச் வழியாக ஹை பீம் முனையுடனும் இணைத்துவிடுங்கள். காயிலுக்குக் குறுக்கே டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) உள்ள ரிலேக்களில் 86 பாசிட்டிவாகவே இருக்க வேண்டும் என்பதால், இரண்டையும் மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.

உங்களிடம் இருப்பது ஐந்து கால் ரிலே என்றால், நடுவில் உள்ள 87ஏ என்ற கால் ரிலே ஓய்வில் இருக்கும்போது இணைந்திருக்கும் முனை. அதில் விளக்கைக் கொடுத்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். அதைக் காலியாக விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்காதபடி உறை போட்டுவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் 300 வாட் என்று போட்ட எல்.இ.டி. பார் ஒன்றை வயரிங் கிட்டுடன் சேர்த்து வாங்கினேன். எரியவிட்டால் பண்பலை வானொலியில் இரைச்சல் வருகிறது. மூடுபனியில் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. விளக்கு தரமற்றதா? (ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: கிட்டில் வந்த வயரைப் பாருங்கள். உண்மையான 300 வாட்டுக்கு 25 ஆம்பியர் வேண்டும். அதைத் தாங்கும் வயர் சுண்டுவிரல் அளவுக்குப் பருத்துத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் சார்ஜர் வயர் போல இருக்காது. விளக்கு எரியும்போது மின்னோட்டத்தை அளந்து, பேட்டரி வோல்ட்டால் பெருக்கினால் உண்மையான வாட் தெரிந்துவிடும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் உறவு தூரத்து உறவாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இரைச்சலுக்குக் காரணம், எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று, நொடிக்குப் பல ஆயிரம் முறை அணைந்து எரிவதுதான். வடிகட்டிச் செலவை மிச்சம் பிடித்த விளக்குகளில் இது வயர் வழியாகவே ஆன்டெனாவுக்குப் பரவும். விளக்கு வயரை ஆன்டெனா வயரிலிருந்து விலக்கி, விளக்கின் அருகிலேயே இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை வயரில் மாட்டினால் குறைய வாய்ப்புண்டு.

மூடுபனியைப் பொறுத்தவரை விளக்கின் தரத்தைவிட அது இருக்கும் இடமே முக்கியம். பார் கூரை மேல் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். உங்கள் கண்ணுக்கு அருகிலிருந்து புறப்படும் ஒளி, பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. பானெட்டில் பட்டுச் சிதறும் ஒளி வேறு. மூடுபனி உள்ள இரவில் பாரை அணைத்துவிட்டு, பம்பருக்குக் கீழே தாழ்வாக, அகலமாகப் பரவும் ஃபாக் லாம்ப்பையும் லோ பீமையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஃபோகஸ் லைட்டுக்கு மூடி போட்டுக்கொண்டு சாலையில் ஓட்டினால் போலீஸ் பிடிக்காது என்கிறார்கள். உண்மையா? முன்பக்கம் கம்பிப் பம்பர் வைத்து அதில் மாட்டலாமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 111-ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ பொருத்துவதைத் தடை செய்கிறது, அந்த அனுமதியும் தனிப்பட்ட சூழ்நிலைகளுக்கு மட்டுமே. எரிப்பதைப் பற்றி அல்ல, பொருத்துவதைப் பற்றியே விதி பேசுகிறது. விளக்கின் கண்ணை மூடினால் சட்டத்தின் கண் மூடிக்கொள்ளாது. அனுமதியற்ற மாற்றங்களுக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமிருக்கிறது. தோட்டத்துக்குள்ளோ தனியார் நிலத்திலோ மட்டும் தேவைப்படுபவர்கள், எளிதில் கழற்றிவிடக்கூடிய தாங்கியும், தண்ணீர் புகாத பிளக்கும் வைத்துக்கொண்டு, சாலையில் இறங்கும் முன் விளக்கைக் கழற்றி வண்டிக்குள் வைத்துக்கொள்வதே நேர்மையான வழி.

கம்பிப் பம்பர் வேண்டாம். மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர்பேக் உள்ள வண்டியில் மோதலின் விசை சென்சாரைச் சேரும் விதத்தை அது மாற்றிவிடலாம். மோதப்படும் மனிதருக்கு அது இரும்புச் சட்டகம்.

கேள்வி: விளக்கை எந்த உயரத்துக்குக் குறி வைப்பது? கடைக்காரர் கையால் தூக்கிவிட்டு 'போதும் சார்' என்கிறார். (ஒரு வாசகர், ஏற்காடு)

பதில்: சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையுடன், டயர் காற்று சரியாக இருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். பின்னால் மூட்டை ஏற்றினால் வண்டியின் மூக்கு உயர்ந்துவிடும். ஹை பீமைப் போட்டு, சுவரில் அதன் மையத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, கூடுதல் விளக்கு ஒன்றைத் துணியால் மூடி, மற்றொன்றின் மையத்தை அந்தக் குறிக்குச் சமமாகவோ நான்கு விரல் கீழாகவோ வையுங்கள். பிறகு துணியை மாற்றிப் போட்டு அடுத்ததையும் பாருங்கள். ஏற்காடு போன்ற வளைவுகள் நிறைந்த பாதைக்கு, ஊசி போல நீளப் பாயும் ஒளியைவிட அகலப் பரவும் ஒளியே பயன்படும். நீளப் பாயும் ஒளி வளைவில் நேராகப் பள்ளத்தாக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒற்றைப் போல்ட்டில் நிற்கும் விளக்கு அதிர்வில் ஆடும் என்பதால், பின்னாலிருந்து ஒரு சிறிய தாங்குக் கம்பி கொடுத்து, தளராத நைலான் நட்டைப் போடுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் மண்பாதை ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி ஒரு முறை முறுக்கி, சுவருக்கு முன்னால் மீண்டும் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.